பத்தாவது படிக்கும் மகன் காலையில் எழ மாட்டேன் என்கிறான், இப்போது பேசவும் மாட்டேன் என்கிறான்

மலையடிவாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் திருச்செங்கோடு. வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருக்கிறார். வருடத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போர் போடப் போய்விடுவார். வீட்டில் நான், மாமியார், மகன், மகள். மகள் ஆறாவது, அவளைப் பற்றிக் கவலை இல்லை. பெரியவனைப் பற்றித்தான் கேட்க வந்தேன். பத்தாவது படிக்கிறான், 15 வயது முடிந்துவிட்டது.

ஒன்பதாவது வரைக்கும் ஒரு குரல் கொடுத்தால் எழுந்துவிடுவான். ஜூனிலிருந்து தினமும் சண்டைதான். காலை 5.30க்குக் கணக்கு டியூஷன். 4.45க்கு எழுப்ப ஆரம்பிப்பேன். போர்வையை இழுப்பேன், ஃபேனை நிறுத்துவேன், முகத்தில் தண்ணீர் தெளிப்பேன். எழுந்து உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குவான். டியூஷன் முடிந்து வந்து இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு 7.40க்கு வேன் ஏறுவான். பள்ளி விட்ட பிறகு ஸ்பெஷல் கிளாஸ். வீடு வந்து சேர ஏழு மணி ஆகும். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றரை வரை வீட்டுப்பாடம், அடுத்த நாள் டெஸ்ட். தூங்கிவிடக் கூடாதே என்று பத்து மணிக்கு நானே டீ போட்டுக் கொடுப்பேன். அப்புறம் கொஞ்ச நேரம் போன். படுக்கும்போது 12, சில நாள் 12.30.

காலாண்டுத் தேர்வில் சமூக அறிவியல் அன்று தேர்வு அறையிலேயே தூங்கிவிட்டான். பள்ளியிலிருந்து போன் வந்தது. மேப் கேள்வியைத் தொடவே இல்லையாம். மேப் என்றால் அவனுக்கு உயிர். அவன் அப்பா இன்றைக்கு எந்த ஊரில் போர் போடுகிறார் என்று கேட்டு அட்லஸில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வருபவன். அந்த மேப்பையே விட்டுவிட்டு வந்தான் என்றதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு அறை விட்டேன். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். "உங்கப்பா அங்கே புழுதியில் கிடந்து சம்பாதிக்கிறார், நீ இங்கே நல்லாத் தூங்கு" என்றும் சொல்லிவிட்டேன்.

இன்றோடு 12 நாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சோறு வேண்டுமென்றாலும் அப்பத்தாவிடம்தான் கேட்கிறான். நான் போட்டு வைத்தால் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான்.

பிளஸ் ஒன்னுக்கு ஹாஸ்டலில் போட்டுவிடு, அங்கே போனும் கிடையாது, சோம்பலும் கிடையாது என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தப் பள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. இது சோம்பலா, போன் பழக்கமா, வயசுக் கோளாறா? ஹாஸ்டல்தான் வழியா? எப்படி அவனைப் பேசவைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

அம்மா, நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் 31 வருடம் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியிருக்கும் நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன். 12.30க்குப் படுத்து 4.45க்கு எழுகிறான். நாலேகால் மணி நேரம். நல்ல நாளில் நாலே முக்கால். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நாலு மாதம் இப்படி ஓடியிருக்கிறான். தேர்வு அறையில் தூங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இத்தனை நாள் தூங்காமல் தாக்குப் பிடித்ததுதான் ஆச்சரியம்.

என் மனதில் இன்றும் உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். பத்தாவதில் ஒரு பையன், கடைசி பெஞ்ச், முதல் பீரியடிலேயே கண் சொக்கும். சாக்பீஸ் எறிவேன், எழுந்து நிற்கச் சொல்வேன், ஒரு நாள் பிரம்பாலும் அடித்தேன். அரையாண்டு முடிந்து அவன் வீட்டுப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, அப்பாவுக்குக் கை விளங்காமல் போய்விட்டதால் மூன்று மாடுகளையும் மூன்றரை மணிக்கு எழுந்து இவன்தான் கறக்கிறான், சொசைட்டிக்குக் கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்துதான் பள்ளிக்கே கிளம்புகிறான் என்று. நான் ஒரு நாளாவது "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

உங்கள் மகனுக்கு மாடு இல்லை, டியூஷன் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த டியூஷன் ஆசிரியரிடம் சனி மாலை அல்லது ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு பேட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் பாதித் தூக்கத்தில் வாரம் ஆறு நாள் கேட்கும் கணக்கை விட, விழித்த மூளையோடு இரண்டு நாள் போடும் கணக்கு மேல். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். அதிகாலை வகுப்பில் காரணிப்படுத்தலை நான்கு தரம் நடத்துவேன், ஐந்தாவது தரமும் அதே முகங்கள் விழிக்கும். அதே பாடம் மாலை நாலரைக்கு ஒரே தரத்தில் ஏறும்.


ஈரோடு அப்பா எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நாங்களெல்லாம் நாலரை மணிக்கு எழுந்து படித்துத்தான் இன்றைக்கு ஒரு வேலையில் இருக்கிறோம். அதிகாலைப் படிப்பு மனதில் நிற்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பிள்ளை கஷ்டப்படுகிறான் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் பிறகு எதற்கும் எழ மாட்டான். போனைப் பிடுங்கியது சரிதான். அதைத் திரும்பக் கொடுக்காதீர்கள்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

ஐயா, நானும் நாலரைக்கு எழுந்து படித்தவன்தான். ஆனால் ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்தால் எட்டரைக்குத் திண்ணையில் பாய். அப்போதே எட்டு மணி நேரத் தூக்கம் ஆகிவிட்டது. பெரியவர்கள் சொன்னது முழுதாகத் தூங்கி எழுந்தவனுக்கு. இந்தப் பிள்ளைகளுக்கு நாம் காலை நாலரையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, ராத்திரி எட்டரையைத் தர மறந்துவிட்டோம்.


குழந்தை நல மருத்துவர், மதுரை எழுதியது:

சகோதரி, சோம்பலா வயசுக் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். வயதுதான், ஆனால் கோளாறு இல்லை. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் மூளையில் இருட்டிய பிறகு சுரக்கும். பருவ வயது தொடங்கியதும் இது சுரக்கும் நேரம் தள்ளிப் போகிறது, இரண்டு மணி நேரம் வரைகூட. ஒன்பது வயதில் எட்டரைக்குச் சாய்ந்த பிள்ளைக்கு 15 வயதில் பத்தரை வரைக்கும் கண் சொக்காது. அவன் வேண்டுமென்று செய்வதில்லை. அதேபோல உங்களுக்கு விடிந்துவிட்ட 4.45 அவன் உடம்புக்கு இன்னும் நடுச்சாமம். ஒன்பதாவதில் எழுந்தவன் பத்தாவதில் எழாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட அளவு. அங்கே கலிபோர்னியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2022 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. சியாட்டில் நகரத்தில் 2016இல் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50லிருந்து 8.45க்குத் தள்ளினார்கள். பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரத்தையும் போனில் கழிப்பார்கள் என்றுதான் பலரும் பயந்தார்கள். அளந்து பார்த்தபோது தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள். நம் ஊரில் பள்ளி மணி ஒன்பதுக்குத்தான் அடிக்கிறது. அதற்கு முன்னால் டியூஷனைச் சொருகியது நாம்தான்.

பகலில் படித்ததை மூளை பதிய வைத்து அடுக்குவது பெரும்பாலும் தூக்கத்தில் நடக்கும் வேலை. கனவுத் தூக்கம் என்று சொல்கிறோமே, அது விடியற்காலையில்தான் அதிகம். 4.45க்கு எழுப்பும்போது அந்தப் பகுதியைத்தான் வெட்டி எடுக்கிறோம். எரிச்சல், பட்டென்று கோபம், பேசாமல் ஒதுங்குவது, இவையும் தூக்கம் கெட்ட பிள்ளையிடம் நாங்கள் தினமும் பார்ப்பவை.

பத்து மணி டீயை இன்றே நிறுத்திவிடுங்கள். டீயில் இருக்கும் காஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நீங்கள் பத்துக்குக் கொடுத்தது அதிகாலை மூன்று மணிக்கும் அவன் உடம்பில் பாதி இருக்கிறது.

போனை எப்போதும் பீரோவில் பூட்டி வைக்க முடியாது, அதில் பலனும் குறைவு. இரவு ஒன்பதரைக்கு எல்லா போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லா போனும் என்றால் உங்களுடையதும் சேர்த்துத்தான். உங்கள் போன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தால் அவன் கேட்க மாட்டான், கேட்கவும் வேண்டியதில்லை.

மூன்று விஷயம் கவனியுங்கள். தூக்கத்தில் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா? அப்படியென்றால் மூக்கு, தொண்டையைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் பரிசோதனை ஒன்று எடுங்கள். ரத்தசோகை பெண் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைக்கிறோம். தேசிய அளவில் எடுத்த ஐந்தாவது குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயது வரையிலான ஆண் பிள்ளைகளில் 31 சதவீதம் பேருக்கு இருந்தது. பெண் பிள்ளைகளில் 59 சதவீதம். ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளை சோர்ந்து விழுவதற்கு இது பெரிய காரணம்.

மூன்றாவது, மனசு. பிடித்த விஷயங்கள் எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் போனால், நண்பர்களிடமும் பேசாமல் இருந்தால், "நான் இருந்து என்ன" என்பது போல ஒரு சொல் வாயில் வந்தால், காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் பார்ப்பார். உங்கள் மகன் அப்பத்தாவிடம் பேசுகிறான், சாப்பிடுகிறான். அது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அட்லஸில் இன்னும் புள்ளி வைக்கிறானா என்று மட்டும் பாருங்கள்.


விடுதி மாணவன் எழுதியது:

அக்கா, நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நீங்கள் சொல்லும் மாதிரி ஒரு ஹாஸ்டல் பள்ளியில்தான் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்தேன். பேர் சொல்ல விரும்பவில்லை. 4.30க்கு விசில், இரவு 10.30 வரை ஸ்டடி. போன் கிடையாது என்பது உண்மை. தூக்கமும் கிடையாது. நின்றுகொண்டே படிக்கச் சொல்வார்கள், நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டோம். மார்க் வந்தது, அதை மறுக்கவில்லை. கல்லூரி ஹாஸ்டலுக்கு வந்த முதல் இரண்டு மாதம், விசில் ஊத ஆள் இல்லாததால் எத்தனை மணிக்கு எழுவது, எப்போது படிப்பது என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் போனது.

ஹாஸ்டலே கூடாது என்று சொல்லவில்லை. அவனைக் கேட்டு முடிவெடுங்கள். நேரில் போய்ப் பார்க்கும்போது பசங்க எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள், விளையாட நேரம் உண்டா என்று கேளுங்கள். ரிசல்ட் பேனரைத்தான் முதலில் காட்டுவார்கள்.

பேசுவது பற்றி. என் அம்மா ஞாயிற்றுக்கிழமை புளிசாதம் கட்டிக்கொண்டு வருவார். மரத்தடியில் எதிரே உட்கார்ந்து "அப்புறம், சொல்லு" என்பார். எனக்கு ஒன்றும் வாயில் வராது. அதே அம்மா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசச் சொல்லாதீர்கள் அக்கா. வண்டியில் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம், அந்த "உங்கப்பா புழுதியில் கிடக்கிறார்" என்றீர்களே, அடியை விட அதுதான் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.


மலையடிவாரம் எழுதியது:

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னிக்கவும். இடையில் தீபாவளி வந்துவிட்டது.

உங்கள் பதில்களைப் படித்த அன்றே வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். பையன் எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று கணக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், "ராய்ப்பூர் பக்கம் முன்னால் போன வண்டி டிரைவர் நாலு ராத்திரி தூங்காமல் ஓட்டி, நேரான ரோட்டில் பள்ளத்தில் இறக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்ததாம், ரோடு தெரியவில்லையாம். அவனைத் தூங்க விடு." இத்தனை வருடத்தில் இதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை.

டியூஷன் ஐயா முதலில் முகம் சுளித்தார். ஞாயிறு காலை பேட்சில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று பிறகு சொன்னார். இப்போது சனி மாலை, ஞாயிறு ஒன்பது மணி. டீ நிறுத்திவிட்டேன். போன் மூன்றும் டிவி ஸ்டாண்டில். என் கைதான் முதல் வாரம் முழுக்க அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

ஹீமோகுளோபின் குறைவாக, 10.8தான் இருந்தது. உடம்பில் ரத்தம் குறைந்த பிள்ளையை அடித்துவிட்டோமே என்று லேப் வாசலிலேயே அழுதுவிட்டேன். அரசு மருத்துவமனையில் இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டோடு டீ காபி குடித்தால் சத்து ஏறாது, எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாக ஏறும் என்றார்கள். அத்தை தினமும் முருங்கைக்கீரை உருவிக் கொடுத்துவிடுகிறார். மூன்று வேளையும் கீரையா என்று மகள்தான் சண்டை போடுகிறாள்.

மன்னிப்புக் கேட்டது அந்த லேப்பிலிருந்து திரும்பும்போது. வண்டியை நான் ஓட்டினேன், அவன் பின்னால். விடுதித் தம்பி சொன்னது மனதில் இருந்தது. சங்ககிரி ரோட்டில் வரும்போது முன்னால் பார்த்தபடியே, "அன்னைக்கு அடிச்சது தப்பு சாமி. அப்பாவை இழுத்துப் பேசினது அதைவிடத் தப்பு" என்றேன். பதில் இல்லை. பெட்ரோல் பங்க் தாண்டி, ரயில்வே கேட்டில் நின்றோம். ரயில் போனது, கேட் திறந்தது. அப்போது பின்னாலிருந்து சொன்னான், "மேப் எனக்குத் தெரியும்மா. மகாநதி எங்கேன்னு தெரியும். கோடு போட்டுட்டு இருந்தேன், பென்சில் கீழே விழுந்துருச்சு. எடுக்கலாம்னு குனிஞ்சேன். அப்புறம் சார் எழுப்பினதுதான் ஞாபகம் இருக்கு." மகாநதி சத்தீஸ்கரில் ஓடுவது. அவன் அப்பா அப்போது அங்கேதான் இருந்தார். வீடு வரும்வரை என்னால் வேறு ஒன்றும் பேச முடியவில்லை.

இப்போது பத்தேகாலுக்குப் படுக்கிறான், ஆறேகாலுக்கு எழுகிறான். முதல் வாரம் பதினொன்றரை வரை புரண்டுகொண்டே கிடந்தான், பிறகு பழகிவிட்டது. பழைய மாதிரி ஒரே குரலில் எழுவதில்லை, இரண்டு மூன்று தரம் கூப்பிட வேண்டும். மார்க் ஒரு டெஸ்டில் கூடியது, ஒரு டெஸ்டில் அப்படியே இருக்கிறது. ஈரோடு அண்ணன் கேட்பார் என்று இதையும் சொல்கிறேன். ஹாஸ்டல் பற்றி தீபாவளிக்கு அப்பா வந்தபோது மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். இங்கேயே பக்கத்துப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுக்கிறேன் என்கிறான். சரி என்றுவிட்டோம். அட்லஸில் புள்ளி வைக்கிறான் டாக்டர். இப்போது ஜபல்பூரில் இருக்கிறது.

ஒரு சந்தேகம். ஞாயிறு டியூஷன் என்பதால் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை இருக்கும் வாரம் மட்டும், எழுப்பாமல் விட்டுப் பார்த்தேன். பதினொன்றரை வரை தூங்கினான். அத்தை பயந்துபோய் மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்த்தார். விடலாமா, எழுப்ப வேண்டுமா?


குழந்தை நல மருத்துவர், மதுரை எழுதியது:

நாலு மாதக் கடனை உடம்பு வசூல் செய்கிறது, பயப்பட வேண்டாம். ஆனால் பதினொன்றரை வரை விட்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கட்கிழமை மறுபடி சண்டை வரும். மற்ற நாளை விட ஒன்று, ஒன்றரை மணி நேரம் கூடுதலாக விடுங்கள். ஏழே முக்காலுக்கு ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டால் போதும். இன்னும் தூக்கம் மிச்சமிருந்தால் மதியம் அரை மணி நேரம் படுக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை அவர்கள் சொன்ன காலம் முழுக்கக் கொடுங்கள். முகம் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல், முடிந்ததும் ஹீமோகுளோபின் ஒரு முறை பாருங்கள்.


மலையடிவாரம் எழுதியது:

சரிங்க டாக்டர். மகளுக்கும் ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.